கீரைப் பாத்தியும் பாவாவின் சிமெண்டும்

எறும்புக்கு நான் பயந்தவள் இல்லை. எறும்பைச் சாக்காக வைத்து என் கீரைப் பாத்தியைப் பிடுங்கப் பார்த்தவருக்கும் பயப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் மத்தியில் கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருக்கிறது.

எங்களுடையது பங்கு பிரிக்காத வீடு. ஒரு பக்கம் என் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம், மறுபக்கம் நாங்கள். அண்ணனை நான் பாவா என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அக்கா என்று. பின்பக்கத் தோட்டம் இரண்டு வீட்டுக்கும் பொது. என் மகளுக்கு ரத்தம் குறைச்சல், தினமும் கீரை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன வாரமே அங்கே பாத்தி கட்டினேன். சிறுகீரை, தண்டுக்கீரை, ஓரத்தில் நாலு கத்திரிச் செடி. என் வீட்டுக்காரர் கே.ஜி.கண்டிகைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டுக் களைத்துப்போய் வருகிற மனிதர். அவர் செய்த ஒரே உதவி, "உன் இஷ்டம்" என்று சொன்னதுதான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

கீரை விதை கடுகை விடப் பொடிசு. மணலோடு கலந்து தூவிவிட்டுத் திரும்பினால் எறும்பு வரிசை கட்டிவிடும். நான் விதைப்பேன், அது அள்ளும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒன்றும் முளைக்காது. வயிறு எரியும். "திருட்டுக் கழுதைங்களா, என் புள்ள வாயில மண்ணப் போடறீங்களே" என்று குந்தி உட்கார்ந்து திட்டியிருக்கிறேன். சாம்பல் போட்டேன், மஞ்சள் தூள் போட்டேன், வேப்பம்புண்ணாக்கு போட்டேன். இரண்டு நாள் சுற்றிப் போகும், மூன்றாம் நாள் அதன் மேலேயே நடக்கும்.

போன வருடம் ஆடிக் கிருத்திகைக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்து காவடியோடு வந்த சொந்தக்காரர்கள் தோட்டத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையைச் செவ்வெறும்பு கடித்துவிட்டது. பாவம், காலெல்லாம் தடித்துப்போய் அழுதது. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் புற்று இருந்தது பாவா வீட்டுச் சமையலறைப் படிக்குக் கீழே. கெட்ட பெயர் மட்டும் என் பாத்திக்கு.

இந்த வருடம் கிருத்திகைக்குப் பாவா மாலை போட்டுக்கொண்டார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மணி, வாயில் முருகா முருகா. ஒரு காலையில் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது எறும்புப்பொடி பாக்கெட்டோடு வந்து நின்றார்.

"ஏம்மா, இத்த பாத்தி பூரா தூவிடு. ஒண்ணு மிச்சம் இருக்கக்கூடாது."

"அது வெஷம் பாவா. கீர துன்ற மண்ணுல எப்படிப் போடறது?"

"எல்லாரும்தான் போடறாங்க. நானே போட்டுருப்பேன். மாலை போட்டுகினு இருக்கேன் இல்ல, ஒரு உசுரக் கொல்லக்கூடாது. அதான் உன்னாண்ட குடுக்கறேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சுத்தமாக இருக்க அவர் கை, பாவத்துக்கு என் கையா?

"நல்லா கீதே! நீங்க கொல்லக்கூடாது, நான் கொல்லலாமா? நானும் இதே வீட்லதான் கீறேன். என் கையால தூவ மாட்டேங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. மாலை போட்டவர் கோபப்படவும் கூடாதாம். பாக்கெட்டைத் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் இரண்டு மூட்டை சிமெண்ட் வந்து தோட்டத்தில் இறங்கியது. "கிருத்திகை முடிஞ்சதும் மேஸ்திரி வருவாரு. பூரா பூசிடறேன். எறும்பும் வாணாம், கீரையும் வாணாம்" என்று என் காதுபடச் சொன்னார். நான் பாக்கெட்டை எடுத்து அலமாரி மேல் பத்திரப்படுத்தினேன்.

அப்புறம் எறும்போடு நானே பேசி முடித்துக்கொண்டேன். காலையும் சாயந்திரமும் பாவா வீட்டுச் சமையலறைப் படிக்குக் கீழே குடம் குடமாகத் தண்ணீர் விட்டேன். ஈரத்தில் குடியிருக்க முடியாமல் அது முட்டையைத் தூக்கிக்கொண்டு மதில் ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கேயே அதற்கு ஒரு பிடி ரவை வைத்தேன். "இத்தத் துன்னு, வெதையத் தொடாத" என்றேன். ரவை இருக்கிற நாளில் பாத்திப் பக்கம் அதிகம் வரவில்லை. புதிதாக விதைத்தேன். கிருத்திகைக்குள் பாத்தி முழுக்கச் சிவப்புச் சிவப்பாக முளை விட்டிருந்தது.

கிருத்திகை அன்று வந்திருந்த சொந்தக்காரர்களோடு எல்லாரும் காவடி எடுத்து முருகன் மலைக்குப் போனார்கள். விருந்துச் சமையலுக்காக நான் மட்டும் வீட்டில் இருந்தேன். சாயந்திரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மலையிலிருந்து பாவா போன் பண்ணினார்.

"மழ வந்துகினு கீது. தார்ப்பாய எடுத்து சிமெண்ட் மூட்டய மூடு."

"ஆங்" என்றேன்.

வீட்டில் இருந்தது ஒரே தார்ப்பாய். வெளியே ஓடினேன். முதல் துளிகள் விழ ஆரம்பித்துவிட்டன. ஒரு பக்கம் சிமெண்ட் மூட்டை. ஒரு பக்கம் நகத்தளவு முளைகள், அடித்துப் பெய்தால் மண்ணோடு போய்விடும். யோசிக்கவே இல்லை. நாலு மூலையிலும் குச்சி நட்டு, தார்ப்பாயை என் கீரை மேல் கட்டினேன். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. நான் நனைந்துகொண்டே நின்று சிமெண்ட் ஊறுவதைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

மழை விட்டபின் எல்லாரும் இறங்கி வந்தார்கள். பாவா நேராகத் தோட்டத்துக்கு வந்தார். மாலையைக் கோயிலிலேயே கழற்றியிருந்தார்.

"மூட்டய மூடுன்னா இன்னா பண்ணி வெச்சிகீற?"

சொந்தக்காரர்கள் மொத்தமும் பின்னால் நின்றார்கள். நான் உள்ளே போய்ப் பாக்கெட்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

"மாலைதான் கழட்டியாச்சே பாவா. தோ கீது பாத்தி. உங்க கையாலயே தூவுங்க. என் பொண்ணு நாளைக்கு இன்னா துன்னுவான்னும் நீங்களே சொல்லிடுங்க."

அவர் பாக்கெட்டைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். இத்தனை வருடம் அவர் எதிரில் குரல் உயர்த்தாத அக்கா, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "தூவறதுன்னா கொஞ்ச நாள் கழிச்சித் தூவுங்க. எனக்கு ரெண்டு கட்டு கீர வேணும்." யாரோ சிரித்தார்கள். பாவா பாக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேஸ்திரி வரவில்லை. மூட்டைகள் இரண்டும் பாறையாக இறுகிப் போயின. என் வீட்டுக்காரர் கடப்பாரையால் உடைத்துக் கொடுத்தார், நான் அந்தக் கட்டிகளைப் பாத்தியைச் சுற்றி வரப்பாக அடுக்கினேன். இப்போது எறும்பு அதற்கு அடியில்தான் குடியிருக்கிறது. தினமும் அதற்கு ஒரு பிடி ரவை போட்டுவிட்டு, என் மகளுக்குக் கீரை கிள்ளிக்கொண்டு வருகிறேன்.