யோகா மிஸ்ஸின் நெல்

ஓமந்தையில் ஒரு விதைக் களஞ்சியத்துக்குள் நின்றபோதுதான் தொலைபேசி அடித்தது. "யோகா போயிட்டா, அண்ணை," என்றார் அவருடைய கணவர் குலம். புற்றுநோய். எதிர்பார்த்த செய்திதான். என்றாலும் கையில் அள்ளிய நெல்லை எந்தச் சாக்கில் திரும்பப் போடுவது என்று தெரியாமல் நின்றேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என்னோடு விவசாயப் போதனாசிரியராக வேலை செய்த யோகேஸ்வரியை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனையிறவுக்குத் தெற்கே உப்பேறித் தரிசாகிப்போன வயல்களுக்கென்று ஒரு நெல்லைக் கொண்டுவந்தவர். அணுக்கதிர் பாய்ச்சிய விதையிலிருந்து பல போகம் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. 'அணு' என்றதுமே ஊர் கலங்கிவிட்டது. ஒருநாள் போய்ப் பார்த்தால், பரிசோதனை வயல் வரம்பில் மண்டையோடு போட்ட பழைய மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நட்டிருந்தது! நட்டவர் பக்கத்து வயல் தம்பிராசா அண்ணை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யோகா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லதாப் போச்சு, ஆக்கள் இறங்கி மிதிக்கமாட்டினம். மாட்டுக்குத்தான் வாசிக்கத் தெரியாது. அதுக்கு வேலி போடுவம்."

பிறகு தம்பிராசா அண்ணையிடம் போனார். "வெயிலில காயவைச்ச மிளகாய்க்குள்ள வெயில் இருக்கோ, அண்ணை? கதிர் பட்டது இதின்ர பூட்டன் விதைக்கு. இதுக்குள்ள ஒண்டும் இல்லை." அவர் தலையாட்டினார். பலகையைக் கழற்றவில்லை.

நெல்லில் நான் அவர் பக்கம்தான்; ஆனால் அணு மின்நிலையம் என்று வந்தால் எனக்கும் யோகாவுக்கும் சண்டைதான்.

"டீசல் அடிச்சுத் தண்ணி இறைச்சே கமக்காரன் முடிஞ்சான். நிலக்கரிப் புகையில மழையும் காலம் தப்புது. வேற வழி சொல்லுங்கோ," என்பார்.

"கழிவை எங்க புதைக்கிறது? வன்னியிலயோ?"

"அந்தக் கேள்வியை விடாதேங்கோ. ஆனா அந்தக் கோவத்தை என்ர நெல்லில காட்டாதேங்கோ."

செத்த வீட்டில், பந்தலுக்குள் ஒருவர் சொன்னார்: "அந்த நெல்லைத் திண்டுதானே புற்றுநோய் வந்தது." அந்தக் கதை நிலைத்துவிட்டால் இனி யார் அந்த விதையைத் தொடுவார்கள்? பிணம் கிடக்கும் வீட்டில் சண்டை போட முடியுமா? எழும்பி வெளியே போய் நின்றேன்.

எட்டாம் நாள், 'செலவு' என்று நாங்கள் சொல்லும் படையலுக்கு அந்த நெல்லைத்தான் குத்திச் சோறாக்கினார் குலம். படையல் முடிந்ததும் மறைக்காமல் சொன்னார்: "இது யோகாவின்ர நெல்லுச் சோறு. விருப்பமான ஆக்கள் சாப்பிட இருங்கோ."

ஒருவரும் அசையவில்லை. நான் போய் இலையின் முன் இருந்தேன். பக்கத்து இலைகள் வெறுமையாகக் கிடந்தன. தம்பிராசா அண்ணை மெல்ல வந்து பக்கத்தில் இருந்தார்.

"மிஸ் இருக்கேக்க எத்தினை தரம் சாப்பிடச் சொல்லிக் கேட்டா. நான் ஒருக்காக்கூட வாயில வைக்கேல்லை."

குனிந்து சாப்பிட்டார். மறுசோறு வாங்கினார். பிறகு குலத்தைப் பார்த்து, "விதைக்கு மிச்சம் கிடக்கோ?" என்றார். பின்னால் ஆட்கள் எழும்பக் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது.

வரும் மாரி விதைப்பான காலபோகத்துக்கு என் வயலிலும் அந்த நெல்தான். யோகா, உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது. கழிவை எங்கே புதைப்பது என்ற கேள்வியும் என்னிடம்தான் கிடக்கிறது. இனி அதை வைத்து யாரோடு சண்டை பிடிக்க, யோகா?