நாலாம் நாள் மீன்

பழவேற்காட்டுக் கோட்டை வாசலில் பன்னிரண்டு வருஷமாகக் கூடை இறக்கியவள் குப்பம்மாள். அவள் மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து வாங்கியவர் ஒருத்தர் கிடையாது. விடியலில் ஏரியில் பிடித்தது உச்சி வெயிலுக்குள் விற்கவில்லை என்றால், மிச்சத்தைக் காக்கைக்கு வீசிவிட்டு வெறுங்கூடையோடு குப்பத்துக்குத் திரும்பிவிடுவாள். “பழசை வித்துப் பவுசா வாழணுமா? தூ!” என்பாள். ஒல்லாந்துத் துரைக்குச் சமைக்கிற சாலமன் கண்ணை மூடிக்கொண்டு அவள் கூடைக்குள் கையை விடுவான். சொத்து என்று அவளுக்கு இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

அதற்கு உலை வைக்கவென்றே ஒருத்தன் கப்பலேறி வந்தான். இருப்பதை இருக்கிறபடியே வரைகிற படக்காரனாம். ஊர் திரும்பக் காற்று சரியாகிற வரைக்கும் கோட்டையில் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு கண்டதையெல்லாம் வரைந்து தள்ளினான். வெள்ளைக்காரர் பேச்சை ஊராருக்கு மாற்றிச் சொல்கிற துபாசி எல்லப்பன் குப்பம்மாளைத் தேடி வந்தார்.

“உன்னையும் உன் மீன்கூடையையும் எழுதணும்னு படக்காரத் துரை ஆசைப்படறாரு. ரெண்டு நாழி குந்தினா போதும்.”

ரெண்டு நாழி நாலு நாளாக நீண்டது. முதல் நாள் அவள் முகத்தை எழுதி முடித்தான். மறுநாளிலிருந்து மீன். அவளும் சும்மா இருக்கவில்லை, காலையிலேயே புது மடவை மீன் கொண்டுபோனாள். தொடவே விடவில்லை அந்த மகராசன். இருந்தது இருந்தபடி இருக்கணுமாம். மாற்றினால் வெளிச்சம் கெட்டுவிடுமாம்.

மூன்றாம் நாள் மீன் வயிறு ஊதி, ஈ மொய்த்து, கூடையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது. உத்தரத்தில் ஒரு பூநாரையை ஒற்றைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தான், அதையும் வரையத்தான். அதிலிருந்து புழு ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. நாலாம் நாள் குப்பம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நடுவில் எழுந்து ஓடிப்போய் மதிலோரம் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். அவனோ புகைச்சுங்கானைக் கடித்துக்கொண்டு, மீன் கண்ணுக்கு அரிசியளவு வெள்ளை வைத்துக்கொண்டிருந்தான். அட கர்மமே, இவனெல்லாம் எந்தக் கையால் சோறு தின்பான்!

கப்பல் கிளம்புமுன் கோட்டைக் கூடத்தில் மூன்று நாள் எல்லாப் படங்களையும் மாட்டி வைத்தார்கள். ஊரார் யாரும் வந்து பார்க்கலாம் என்று தண்டோரா போட்டார்கள். குப்பம்மாளும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனாள். பாதி உரித்த எலுமிச்சை, கடித்து வைத்த ரொட்டி, கவிழ்ந்த கிண்ணம், செத்த பூநாரை. “எச்சில் தட்டைக் கழுவாம சட்டம் போட்டு மாட்டிக்கிறானே!” என்று முகம் சுளித்தாள்.

அடுத்தது அவள் படம். மோவாய் மச்சம்கூடத் தப்பவில்லை. ஒரு கணம் அவளுக்கே பூரித்துப்போனது. அப்புறம் கண் கூடைக்கு இறங்கியது. மடவையின் கண் குழி விழுந்து பால் கட்டியிருந்தது. செவுள் சாம்பல் நிறம். வெள்ளைக்காரர்கள் சுற்றி நின்று அதிசயப்பட்டார்கள். நம் ஜனங்களோ மீனைப் பார்த்தார்கள், குப்பம்மாளைப் பார்த்தார்கள், நகர்ந்தார்கள். நடை பழகுகிற குழந்தைகூட மீன் கண்ணைப் படிக்கிற ஊர் அது.

மறுநாள் காலை சாலமன் ஒரு மீனை எடுத்தான். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தான். இரத்தச் சிவப்பு. அடுத்ததையும் தூக்கினான்.

“இன்னா சாலமா, புதுப் பழக்கம்?”

“தப்பா எடுத்துக்காத குப்பம்மா. ஊரே அந்தப் படத்தைப் பாத்துட்டுப் பேசுது. துரை வயித்துக்கு எதுனா ஆச்சுன்னா என் தோலை உரிச்சிடுவாங்க.”

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி. அந்தச் சோறு அடுத்தவன் பானையில் ஊசிப்போனது என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே கூடத்துக்குப் போய்ப் படக்காரன் முன்னால் நின்று நியாயம் கேட்டாள். கண்டதைத்தான் எழுதினேன் என்று அவன் சொன்னதாக எல்லப்பன் சொன்னார்.

“கண்டதைத்தான் எழுதினானா? மொத நாளு மூஞ்சி, நாலாம் நாளு மீனு! ஈயை உட்டுட்டான். நான் மூக்கைப் பொத்திக்கினு குந்தினு இருந்தேனே, அதையும் உட்டுட்டான். மீனை மாத்த வேணாம் சாமி. என் மூக்கு மேல முந்தானையைப் போடச் சொல்லு, போதும்.”

எல்லப்பன் மென்று விழுங்கி மொழிபெயர்த்தார். படக்காரன் சிரித்தான். அழகான முகத்தை மறைக்க மாட்டானாம்.

“அவன் போடலைன்னா நான் போட்டுக்கறேன்.”

படத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள். முந்தானையை இழுத்து மூக்கை அழுத்திப் பொத்திக்கொண்டாள். படத்தில் இருப்பவளே நேரில் நிற்கிறாள் என்று படக்காரனுக்கு முதலில் பெருமைதான். வந்தவர்கள் படத்து முகத்தைப் பார்த்தார்கள், பக்கத்தில் பொத்திய மூக்கைப் பார்த்தார்கள். “இன்னாம்மா?” என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: “நாலு நாளா இவன் அறையில கெடந்த மீனு. நாத்தம் தாங்கலை.”

சாயங்காலத்துக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவியது. மறுநாள் வந்தவர்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். ஜவுளி வியாபாரி வீட்டம்மா படத்தைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தியும் கைக்குட்டையைத் தேடினாள். உச்சிப் பொழுதில் படக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு படத்தைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

அடுத்த நாள் விடியலில் கோட்டை வாசலுக்குச் சாலமன் வந்தான். முதலில் மீனைப் பார்க்கவில்லை, குப்பம்மாளின் மூக்கைப் பார்த்தான். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கூடைக்குள் கையை விட்டான்.