பவளமக்காவின்ரை புதன்கிழமை

குறிகட்டுவான் இறங்குதுறையிலை வள்ளம் ஏறி நெடுந்தீவிலை இறங்கேக்கை உதடு உப்புக்கரிக்கும்... காதுக்குள்ளை எஞ்சின் சத்தம் கனநேரம் நிக்கும்.

நேர்ஸா எனக்கு முதல் போஸ்டிங் அங்கைதான். இருபத்தைஞ்சு வயசு. எப்ப ட்ரான்ஸ்பர் வரும் எண்ட நினைப்பிலையே நாள் போகும்.

வெள்ளைக் கல்வேலியள், வெய்யிலிலை அசையாமல் நிக்கிற குதிரையள்... இப்ப நினைச்சாலும் கனவு மாதிரித்தான்.

காலமை ஆஸ்பத்திரி திறக்கேக்கை முதல் ஆளா பவளமக்கா நிப்பா. ஐம்பது வயசிருக்கும். மனுசன் செத்து, பெடியள் ரெண்டுபேரும் பிரான்ஸ். ஒருநாள் தலையிடி, ஒருநாள் நெஞ்சு படபடப்பு. டொக்டர் பாத்திட்டு, "ஒரு வருத்தமும் இல்லையம்மா" எண்டுவார். அதைக் கேக்க அவவின்ரை முகம் இன்னும் வாடும்.

ஒரு புதன்கிழமை. குழந்தையளுக்கு ஊசி போடுற கிளினிக். மற்ற நேர்ஸுக்குக் காய்ச்சல், நான் தனிய. ஒண்டு கத்தத் தொடங்க எல்லாம் கத்துது. எனக்கும் அழுகை வந்திட்டுது.

மருந்துத் துண்டோடை நிண்ட பவளமக்கா, அதை இடுப்பிலை செருகிப்போட்டு ஒரு குழந்தையைத் தூக்கினா. தோளிலை போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தா...

அது அடங்கீட்டுது. பிறகு அடுத்தது.

"அக்கா, வாற புதனும் வருவியளோ? எனக்குத் தனிய ஏலாது."

"ஓம் மிஸி... வாறன்."

வந்தா. பவுடர் பூசி, மடிப்புக் கலையாத சீலையோடை. ஒவ்வொரு புதனும் வந்தா. ஒருநாள் கேட்டன், "தலையிடி எப்பிடியக்கா?"

கொஞ்சம் யோசிச்சா. "மறந்துபோனன் பிள்ளை."

பிறகு மூத்த மகன் பிரான்ஸுக்குக் கூப்பிட்டான். விசா அலுவலா கொழும்புக்குப் போனா. இனி வரமாட்டா எண்டுதான் நினைச்சன். செவ்வாய் பின்னேர வள்ளத்திலை வந்து இறங்கினா!

"என்னக்கா, போகேல்லையோ?"

"அடுத்த வருசம் பாப்பம் எண்டு மகனுக்குச் சொல்லீட்டன். நாளைக்குப் புதனெல்லே."

நான் இருக்குமட்டும் அந்த அடுத்த வருசம் வரேல்லை.

எனக்கு ட்ரான்ஸ்பர் கடிதம் வந்தது. துள்ளிக் குதிச்சிருக்கவேணும்... ரெண்டு கிழமை ஒருத்தருக்கும் காட்டாமல் வைச்சிருந்தனான்.

இப்ப டவுன் ஆஸ்பத்திரியிலை வேலை. நம்பர் கூப்பிட மெசின் இருக்கு, ஸ்கான் இருக்கு. போனைத் திறந்தா, 'வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேணும்' எண்டு வீடியோ வீடியோவா வருது. நானும் லைக் போடுறனான்.

போன கிழமை ஒரு அம்மா வந்தவ. ரிப்போட் எல்லாம் நோர்மல். "ஒண்டுமில்லையம்மா, பயப்பிடாமல் போங்கோ" எண்டன். தலையாட்டிப்போட்டு அப்பிடியே நிண்டா.

எனக்கு அவவிட்டை என்னவோ கேக்கவேணும் போலை இருந்தது...

ரிப்போட்டிலை ஒப்பம் வைச்சிட்டு நிமிர்ந்து பாக்க, அந்த இடத்திலை அடுத்த நம்பர் நிக்குது.