மாணவிகள் கதி என்ன?

தொண்ணூறுகளில் தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் இருந்த மாலைப் பத்திரிகையில் நான் உதவி ஆசிரியர். பெயர்தான் பெரிசு. எனக்குச் சோறு போட்டது என்னவோ போஸ்டர்தான். பெட்டிக்கடை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்களே, அன்றைய செய்தியைக் கொட்டை எழுத்தில் சொல்லிக்கொண்டு, அதற்கு வாசகம் எழுதுகிறவன் நான்.

சொல்லிக்கொண்டு என்றா சொன்னேன்? சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். முழுச் செய்தியையும் போஸ்டரிலேயே போட்டுவிட்டால் எவன் பேப்பர் வாங்குவான்? நடிகைக்குக் கல்யாணம் என்றால், "நடிகை திடீர் முடிவு!" கிணற்றில் விழுந்த ஆட்டை உயிரோடு தூக்கி, அது நாலு பேரை முட்டிவிட்டு ஓடிப்போயிருந்தாலும், "கிணற்றில் விழுந்த ஆடு கதி என்ன?" இந்த 'கதி என்ன' என்னுடைய சொந்தச் சரக்கு என்று ஆபீஸில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் அதில் கர்வம்தான், மறைப்பானேன்?

போஸ்டர் சூடாக இருக்கிற நாளில் ஆபீஸ் போன் அலறும். எந்த பஸ் சார், எந்தத் தெரு சார் என்று ஊரே கேட்கும். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு போன். வேலை ஓடாது என்று ரிசீவரை எடுத்து மேஜைமேல் படுக்கப் போட்டுவிடுவோம். ரிசீவர் தூங்குகிறது என்றால் அன்றைக்கு விற்பனை பிரமாதம் என்று அர்த்தம்.

இது நடந்த நாள் எனக்கு வார லீவு. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். ஒரே பெண். அடையாறில் காலேஜ் முதல் வருஷம். காலையில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருந்தாள். மத்தியானம் நான் நன்றாகத் தூங்கி எழுந்ததும், காபிப் பொடி தீர்ந்துபோச்சு, போய் வாங்கிட்டு வாங்க என்று மனைவி விரட்டினாள். மாட வீதி முனையில் பெட்டிக்கடை. அங்கே எங்கள் போஸ்டர்.

அடையாறில் பஸ் மோதல்!
கல்லூரி மாணவிகள்
கதி என்ன?

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது, "பரவாயில்லையே, நம்ம ஆள் தேறிட்டாரே" என்பதுதான். என் லீவு நாளில் போஸ்டர் எழுதுகிற சக ஊழியருக்கு இந்த வேலை சுட்டுப்போட்டாலும் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் சபாஷ்கூடப் போட்டுவிட்டேன். அப்புறம்தான் அடையாறு என்ற எழுத்தும் மாணவிகள் என்ற எழுத்தும் கண்ணில் ஒட்டின.

"ஒரு பேப்பர் குடுப்பா."

"அல்லாம் பூட்ச்சு சார்," என்றார் கடைக்காரர். "போஸ்டர் மாட்டினதுதான் தெரியும், ஒண்ணுகூட மிச்சம் இல்ல. ஆமா, உங்க பேப்பர்தானே? இன்னாதான் ஆச்சாம் அந்தப் பொண்ணுங்களுக்கு? நீயே சொல்லேன் சார்."

எனக்கு இன்னைக்கு லீவுப்பா என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பக்கத்துக் கடையில் காசு போட்டுப் பேசுகிற போன் இருந்தது. ஆபீஸுக்குப் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. மூன்றாவது தடவை போடும்போதுதான் உறைத்தது. பாவிகள், ரிசீவரைத் தூங்கப் போட்டிருக்கிறார்கள்! அந்த வழக்கத்தை வேறு யாராவது ஆரம்பித்திருந்தால் நிம்மதியாகத் திட்டியாவது இருப்பேன். காலேஜ் நம்பர் வீட்டில் இருந்தது. வீட்டுக்குப் போனால் மனைவியின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். கால் அந்தப் பக்கம் போகவில்லை.

எதிரே சலூன். சலூனில் எங்கள் பேப்பர் கண்டிப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையில் முதல் தாள் இருந்தது. மரியாதையெல்லாம் பார்க்கவில்லை, பிடுங்கிவிட்டேன். காலையில் மயிலாப்பூரிலிருந்து அடையாறு போன பஸ். அவள் ஏறுகிற அதே நேரம். குறுக்கே ஒரு மாடு வர, அதைக் காப்பாற்ற டிரைவர் பஸ்ஸை ஒடித்துத் திருப்ப, பஸ் சுவரில் மோதியது. கண்ணாடி நொறுங்கியது. மாணவிகள் அலறினார்கள். அடுத்த கணம்...

ஐந்தாம் பக்கம் பார்க்க.

"அடப்பாவிங்களா!" என்று கத்தியே விட்டேன். இதுவும் எங்கள் வித்தைதான். நல்ல இடமாகப் பார்த்து அறுத்து உள்ளே தள்ளுவது. உள் தாள், சுழல் நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த ஒரு பெரிய உருவத்தின் கையில் இருந்தது. நான் கையை நீட்டினேன்.

"யோவ், இன்னா அவசரம்? படிச்சிக்கினு கீறேன் இல்ல?"

"என் பொண்ணு அந்த பஸ்லதான்யா போவா!"

சலூனில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. ரேடியோவை யாரோ அணைத்தார்கள். நுரை மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஐந்தாம் பக்கத்தைப் பிரித்து, விரலை வரிமேல் ஓட்டி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். நுரை சொட்டுச் சொட்டாகப் பேப்பரில் விழுந்தது.

"அதிர்ஷ்டவசமாக... யாருக்கும்... சிறு காயம்கூட இல்லை. மாணவிகள் அனைவரும்... பின்னால் வந்த பஸ்சில் ஏறி... கல்லூரிக்குச் சென்றனர். போதுமா நைனா? மொதல்ல குந்து."

"இன்னொரு தரம் படிங்க," என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை, இன்னும் உரக்கப் படித்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேனா சிரித்தேனா தெரியாது, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். சலூன்காரர் டீ சொல்லி அனுப்பினார்.

"எவன்யா இந்தப் போஸ்டர எழுதினவன்?" என்றார் நுரை மனிதர் மறுபடி சாய்ந்துகொண்டே. "அவன் கைய ஒடிக்கணும்."

"கட்டாயம் ஒடிக்கணும்," என்றேன் நான்.

வெளியே வந்தால் மாட வீதியே புதுசாக இருந்தது. இடித்துவிட்டுப் போன சைக்கிள்காரன்கூட நல்லவனாகத் தெரிந்தான். அப்பாடா, அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். மல்லிகைப்பூ வாங்கினேன், கேட்ட விலைக்கே. பெட்டிக்கடையில் அந்தப் போஸ்டரைக் கேட்டதும், "இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன், எடுத்துக்க சார்," என்று கழற்றிக் கொடுத்தார். சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

"காபிப் பொடி எங்க?" என்றாள் மனைவி.

மறந்தே போய்விட்டேன். மல்லிகைப்பூவை நீட்டினேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். பெண் வருகிற வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. பேப்பரில் போட்டிருக்கிறது, சரி. பேப்பரைப் பற்றி எனக்குத் தெரியாதா? முதலில் அவளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

சாயங்காலம் வந்தாள். ஒரு கீறல் இல்லை, தலை மட்டும் கலைந்திருந்தது. போஸ்டரைத் தரையில் விரித்துக் காட்டினேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, நான் அந்த பஸ்லதான் இருந்தேன்! நாங்க கத்தின கத்துக்கு மாடுதான் பயந்துபோச்சு."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். 'கல்லூரி மாணவிகள் கதி என்ன?' என்பதற்குக் கீழே, அதே மாதிரிக் கொட்டை எழுத்தில், "பசிக்குது" என்று எழுதினாள்.

மனைவிக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். பெண்ணின் முதுகில் ஒன்று வைத்தாள், ஏண்டி ஒரு போன் பண்ணக்கூடாதா என்று. அடித்த கையாலேயே இழுத்துக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அடுப்பைப் பற்றவைத்தாள். மாவு தீருகிற வரைக்கும் தோசை வார்த்தாள். நான் பெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னப்பா இப்படிப் பார்க்கறீங்க, வயிறு வலிக்கப்போகுது என்றாள்.

மறுநாள் அந்தப் போஸ்டரை ஆபீஸில் போன் இருந்த மேஜைக்கு மேலே ஒட்டினேன். எழுதிய சக ஊழியர் பார்த்துவிட்டு, சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். சிரித்தோம். போஸ்டர் எழுதுவதை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள், வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ரிசீவரை மட்டும் யாரையும் தூங்கப் போட விடவில்லை. வேலை கெடுது சார் என்றார்கள். கெடட்டும் என்றேன்.

சில மாசம் கழித்து, ஒரு ஸ்கூல் வேன் பள்ளத்தில் இறங்கிய அன்றைக்குப் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு அம்மா. பேசவே முடியவில்லை, பெண் அந்த வேனில்தான் போனாள் என்பது மட்டும்தான் புரிந்தது.

"அம்மா, யாருக்கும் ஒண்ணும் இல்லை. எல்லாக் குழந்தைகளும் சௌக்கியம்," என்றேன். அழுகை நிற்கவில்லை. நிமிர்ந்து போஸ்டரைப் பார்த்தேன். "பசியோட வருவா பாருங்க. வீட்ல தோசை மாவு இருக்கா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இருக்கு சார்," என்றது அந்தக் குரல். "இருக்கு, இருக்கு."