எமில்டா அன்ரியின் சப்பாத்து

மோர்னிங்சைட்டில் வசிக்கும் கிளடிஸ் ஒரு வருடம் கல்லூரிக்குப் போகாமலே கல்லூரியில் படித்தாள். கணக்கியல் வகுப்பு முழுவதும் கணினித் திரையில்தான். ஆசிரியர் கேள்வி கேட்டால் திரையில் மாணவர்களின் கறுப்புக் கட்டங்கள் பேசாமல் இருக்கும். அவளுடைய கட்டமும் அவற்றில் ஒன்று. பிள்ளை வீட்டில்தானே நிற்கிறாள் என்று அம்மா கொடுத்த வெங்காயத்தை அந்த நேரம் அவள் உரித்துக்கொண்டிருப்பாள். சோதனைகளில் நல்ல புள்ளிகள் வந்தன. என்ன படித்தாய் என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வருடம் குழாய் வேலைப் படிப்புக்கு மாறினாள். அதற்கு ஒரு கல்வித் தவணை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது ஆட்கள் முண்டியடிப்பது அங்கேதான். பக்கத்து மேசையில் செப்புக் குழாய் வெட்டிக்கொண்டிருந்தவன் பல்கலைக்கழகப் பட்டம் முடித்தவன்.

ஒக்டோபரில் அவர்களுடைய கோயில் பங்கில் செபமாலை வீடு வீடாகப் போகும். கிளடிஸ் வீட்டு முறை வந்த அன்று அவள் கல்லூரிப் பட்டறையிலிருந்து நேரே வந்து, வாசலில் பாதுகாப்புச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டாள். மறுநாள் அவளுக்குச் செய்முறைச் சோதனை. தேறினால் பயிற்சி வேலைக்கு எடுப்பதாக ஒரு நிறுவனம் சொல்லியிருந்தது. தவறினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

செபம் முடிந்து சிற்றுண்டிக்கு ரோல்ஸ் தட்டு வந்ததும், அதே பங்கைச் சேர்ந்த எமில்டா அன்ரி தொடங்கினார். அவர் பிறம்ரன் வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கும் வேலை முடித்து நேரே வந்திருந்தார்.

"வீட்டிலயிருந்து படிச்சதை விட்டிட்டு ஏன் பிள்ளை உந்தப் பைப் வேலை?"

"நீங்களும் பெட்டி தூக்கிறியள்தானே அன்ரி?"

"நான் படிக்காதபடியால தூக்கிறன். நீ தூக்கிறதுக்கே படிக்கிறாய்!"

எல்லாரும் சிரித்தார்கள். கிளடிஸும் சிரித்தாள். இன்னொரு ரோல்ஸ் எடுக்கவில்லை.

காலையில் வாசலில் ஒரு சோடி பாதுகாப்புச் சப்பாத்துத்தான் கிடந்தது. அதே கறுப்பு, நாக்கில் அதே பச்சை முக்கோணப் பாதுகாப்பு முத்திரை. காலை விட்டபோது பெரிதாக இருந்து குதி கழன்றது. செபமாலைக் கூட்டத்தில் இப்படியொரு சப்பாத்துப் போட்டு வந்த மற்றவர் எமில்டா அன்ரி மட்டும்தான். அழைத்தாள், பதில் இல்லை. வேலை நேரத்தில் அவருடைய போன் லொக்கருக்குள் இருக்கும். முக்கோணம் இல்லாத சப்பாத்தோடு பட்டறைக்குள் விடமாட்டார்கள். கடை திறக்கும்வரை நிற்கவும் நேரமில்லை.

கார்ச் சாவியோடு நின்ற அண்ணன் அன்ட்ரூ, "சொக்ஸை ரெண்டு சோடியாப் போட்டிட்டு வா," என்றான்.

மூன்று சோடி போட்டாள். பட்டறையில் சப்பாத்து டக் டக்கென்று அடித்தது. குந்தியிருந்து பற்றவைக்க வேண்டிய மூட்டு ஒன்று சுவரின் அடியில் இருந்தது. குதி வழுக்கி இருமுறை கை ஆடியது. அவள் சுவாலையை அணைத்தாள். நேற்று வீட்டில் செய்ததுபோல முழந்தாளிட்டுக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கினாள். பிறகு ஆசிரியர் குழாய்க்குள் தண்ணீரை அழுத்திவிட்டார். மூட்டுக்குக் கீழே வைத்திருந்த காகிதம் கடைசிவரை நனையவில்லை.

மத்தியானம் அன்ரி அழைத்தார்.

"பிள்ளை, காலமை முழுக்க என்ர கால் வீங்கிப்போச்செண்டு நினைச்சன். சுகர் கூடினதாக்கும் எண்டு சாப்பாட்டையும் தொடேல்ல. இப்ப கழட்டிப் பாத்தா, உன்ர சப்பாத்து!"

"ஓம் அன்ரி. உங்கடையைப் போட்டுத்தான் சோதினை செய்தனான்."

"ஐயோ! பாஸோ?"

"பாஸ்."

அந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுப் பெட்டி திறக்கும் ஓசை கேட்டது.

அடுத்த செபமாலை எமில்டா அன்ரி வீட்டில். கிளடிஸ் தன் சப்பாத்து நாடாவில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டு போனாள். வாசலில் ஒரு பெண், இது யாருடையது, ஆம்பிளைச் சப்பாத்துப்போல இருக்கிறதே என்று கேட்டார்.

"அது எங்கட பிளம்பர்ப் பிள்ளையின்ர," என்றார் அன்ரி. "தள்ளி வையுங்கோ, மாறிப்போடும்."