பருவுக்கு வந்த மரியாதை

பார்லர் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். மாடியில் இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி. அடுத்தவர் முகத்துப் பருவைப் போக்கியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். விடாத இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில் கட்டியைக் கண்டார்கள். நுரையீரலில் புற்றுநோய். வீட்டில் சிகரெட் பிடித்தது கணவர்தான். அவருக்கும் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. மனுஷன் வெட்கப்பட்டு அன்றே சிகரெட்டை விட்டார்.

ஊசிக்கும் மொட்டைக்கும் மனதைத் தேற்றிக்கொண்டு போனவரிடம் டாக்டரம்மா நீட்டியது தினம் ஒரு மாத்திரை.

"பெருகு பெருகுன்னு செல்லை விரட்டுற ஒரு என்சைம் இருக்கும்மா. இந்த மாத்திரை அதை வேலை செய்ய விடாது. ஆனா அதே என்சைம் தோல்லயும் இருக்கு."

அந்த 'ஆனா' அடுத்த வாரமே முகத்தில் தெரிந்தது. நெற்றி, மூக்கு, கன்னம் எங்கும் சிவப்புப் பருக்கள். மாஸ்க்கைக் கழற்றிக் காட்டினார். டாக்டரம்மா முகம் மலர்ந்தது.

"அட, நல்லா வந்திருக்கே!"

"கேலி பண்றீங்களா டாக்டர்?"

"இல்லம்மா. பரு வந்தா மருந்து பிடிக்குதுன்னு பெரும்பாலும் அர்த்தம்."

இதை வாடிக்கையாளருக்கு யார் சொல்வது? ஃபேஷியலுக்கு வந்த வங்கி மேடம் அக்காவைப் பார்த்ததும் அவசர வேலை ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார்.

"கொஞ்ச நாள் உள்ளயே இரு அக்கா. உன் மூஞ்சியே நம்ம கடையை மூடிடும்" என்றாள், கூட வேலை பார்க்கும் தங்கை. சொன்னபிறகு அவளே அழுதாள்.

அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. பருவும் அடங்கத் தொடங்கியது. அக்கா பதறிப்போய் போன் செய்தார்.

"டாக்டர், பரு குறையுது! மருந்து வேலை செய்யுறது நின்னுபோச்சா?"

"பருவுக்கு நான் குடுத்த களிம்பு வேலை செய்யுதும்மா. பேசாம தூங்குங்க."

பரு போனதும் இமைமுடி வளர ஆரம்பித்தது. நீளமாக, அடர்த்தியாக, சுருண்டு. அதுவும் மாத்திரையின் வேலைதான். திரும்பி வந்த வங்கி மேடம் அசந்துபோனார்.

"எந்த கம்பெனி க்ரீம் அக்கா?"

"க்ரீம் இல்ல மேடம், கேன்சர் மாத்திரை."

மேடம் முகம் சுருங்கியது. "சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க. அதுக்காக இப்படியா பேசுவாங்க?" என்று படியிறங்கிவிட்டார்.

இந்த மாத்திரை ஒரு நாள் பலிக்காமல் போகலாம், அப்போது வேறு பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அக்கா தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார். இமைமுடி வளர்ந்து கண்ணைக் குத்தும்போது தங்கைதான் சின்னக் கத்தரியால் வெட்டிவிடுகிறாள்.

"ஊர்ல எல்லாரும் இதுக்கு ஏங்குறாங்க, நீ வெட்டச் சொல்றே. அசையாம இரு அக்கா!"