மலையடியில் நின்ற கார்

பெரியப்பாவின் காரில் வெனிலா வாசம் அடிக்கும். கண்ணாடியில் தொங்கிய மர வடிவ வாசனை அட்டையிலிருந்து வந்த அந்த வாசத்தை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாது. மொன்றியலின் தை மாதக் குளிரிலும், டாக்சியில் அந்த வாசம் வந்தால் கண்ணாடியை இறக்கிவிடுவேன், ஓட்டுநர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. மொன்றியலின் லாசால் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினார். அந்தக் குளிர்காலத்தில் அம்மாவின் மார்பில் கட்டி என்று அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆஸ்பத்திரியில் நின்றபடியே அப்பா கதிர்காமத்து முருகனுக்கு "நேர்த்தி" வைத்தார்: இவள் எழும்பி நடந்தால் நானும் பிள்ளையும் வெறுங்காலுடன் நடந்து வருவோம். மட்டக்களப்பில் அவருடைய ஆட்கள் வருடாவருடம் காட்டு வழியால் அப்படி நடந்தவர்கள். ஆனால் ஊரில் சண்டை, அகதியாக வந்தவருக்குத் திரும்பிப் போக வழியில்லை. அம்மா எழும்பி நடந்தார். நேர்த்தி அப்படியே கிடந்தது.

பிரான்சில் சனங்கள் ஆயிரம் வருடமாக நடக்கிற ஒரு யாத்திரைப் பாதை இருக்கிறது, வழியில் மலை உச்சியில் பழைய ஊரும் மாதா கோயிலும் உண்டு என்று, கூட வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர் சொன்னார். அப்பாவுக்கு அது போதும். "நடந்து போய்க் கும்பிடுற சாமி எல்லாம் ஒண்டுதான்" என்றார். அம்மா சிரித்துவிட்டு, "முருகன் கோவிக்க மாட்டார். ஆனா குறை வைக்காம நடந்து முடியுங்க" என்று எங்களை அனுப்பினார்.

பாரிசில் இருந்த பெரியப்பா எங்களைக் காரில் அந்தப் பாதைக்குக் கொண்டுவந்து விட்டார். அப்பாவின் ஒரே அண்ணன். அவர் சொல்லை அப்பா தட்டி நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினோம். சரளைக் கல், பிறகு வெயிலில் கொதித்த தார், மறுபடியும் கல். பாறையிலும் மரத்திலும் வழிகாட்டியாகச் சிப்பி கீறியிருந்தார்கள். தடித்த சப்பாத்துப் போட்ட ஒரு பிரெஞ்சுக்காரி, ஏன் வெறுங்கால் என்று கேட்டாள். என் கியூபெக் பிரெஞ்சுக்கு முதலில் சிரித்தவள், காரணம் தெரிந்ததும் நிலத்தில் குந்தி என் குதிக்காலுக்குத் துணி கட்டிவிட்டாள்.

மத்தியானம் மலை தெரிந்தது. பாறையின் நிறத்திலேயே வீடுகள், நடுவில் ஒரு மணிக்கோபுரம். அப்பா மெல்ல "அரோகரா" என்றார். இன்னும் ஒரு மைல் இருக்கும், மேலே ஏறும் கல் பாதைதான் மிச்சம். அந்தப் பாதை கார் ரோட்டிலிருந்து பிரியும் இடத்தில் பெரியப்பாவின் கார் நின்றது.

"டேய், என்ன கோலமடா இது? வெள்ளைக்காரர் எல்லாம் பாக்கிறாங்க. பிச்சைக்காரர் எண்டு நினைக்கப்போறாங்க. ஏறு, மேல சாப்பாட்டுக்குச் சொல்லி வெச்சிருக்கன்."

"இன்னும் கொஞ்சத் தூரம்தானே, அண்ணன்."

"நீ நடந்தது சாமிக்குத் தெரியும். ஏறு எண்டா ஏறு!"

ஏறினோம்.

மேலே ஊரில் எண்ணூறு வருடச் சுவர்கள், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத ஒழுங்கைகள், சிப்பி வடிவத்தில் சவர்க்காரம் விற்ற கடைகள். எனக்கு எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்போல் இருந்தது. அப்பா கோயிலுக்குள்ளே வரவில்லை, வாசலில் நின்று கும்பிட்டார். அங்கேயே பெரியப்பா எங்களைப் படம் எடுத்தார். "அம்மாட்டச் சொல்லாத புள்ள" என்று அப்பா என் காதுக்குள் சொன்னார்.

அந்தப் படத்தை அம்மா சட்டம் போட்டுச் சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தார். "இவர் நடந்ததாலதான் நான் இருக்கன்" என்று வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் காட்டினார். நான்கு வருடம் காட்டினார். பிறகு கட்டி திரும்பி வந்தது, அந்த முறை அம்மா எழும்பவில்லை. செத்தவீட்டுக்கு வந்த பெரியப்பா, "தம்பியை நான்தானே அவ்வளவு தூரம் கூட்டிப் போனன்" என்று ஆட்களுக்குப் பெருமை பேசினார். அவருடைய வாயைப் பொத்தி அடித்திருக்க வேண்டும். எனக்குச் சாமியில் நம்பிக்கை இல்லை. அப்பாவுக்கு இருக்கிறது, நேர்த்தியில் குறை வைத்ததால்தான் அம்மா போனார் என்று அவர் நம்புகிறார். அதுதான் எனக்குக் கோபம்.

இப்போது ஊருக்கு யாரும் போய் வரலாம். காட்டு வழியும் திறந்திருக்கிறது. பெட்டி தூக்கித் தூக்கி அப்பாவின் இரண்டு முழங்காலும் போய்விட்டன. எங்கள் வீட்டு வெளிப்படியில் இறங்கவே என் தோள் வேண்டும். போன கிழமை அவரை அப்படி இறக்கும்போது பெரியப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்பா படியில் நின்றுவிட்டார். "அண்ணனைத் திட்டாத. அவர் கூப்பிட்டு நான் ஏறல்ல. நீ முதல் ஏறிட்டாய், புள்ள. உனக்குக் கால் நொந்தது. அதான் நானும் ஏறினன்."

இருபது வருடமாக ஒருவரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை, அம்மாவிடமும்கூட. வீட்டுக்குத் திரும்பியதும் படத்தை எடுத்துப் பார்த்தேன். கோயில் வாசலில் அப்பா வெறுங்காலுடன் நிற்கிறார். என் காலில் செருப்பு.